மூன்றாம் ஓலை

ஞானம்மாளுக்கு இரண்டு பாஷை. தமிழில் கொஞ்சுவாள், தெலுங்கில் திட்டுவாள். சித்தூர் மிஷன் பெண்கள் போர்டிங்கில் இருந்த எழுபது பெண்களும் காலையில் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையை வைத்தே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்வார்கள். ஆந்திரா தனி ராஜ்யமாகி, பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புகள் ஒவ்வொன்றாகத் தெலுங்குக்கு மாறியபோது, மேட்ரன் இனிமேல் எப்போதும் திட்டிக்கொண்டே இருப்பாளோ என்று சின்னப் பெண்கள் பயந்தார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. திட்டு திட்டாகவே இருந்தது, கொஞ்சல் கொஞ்சலாகவே.

அவள் அந்தப் போர்டிங்குக்கு வந்தது ஆறு வயதில். கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு ஊர். காலரா வந்த வருஷம் நைனாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். உபதேசியார் ஒருவர் மாட்டுவண்டியில் ஏற்றி வந்து மிஷன் வாசலில் இறக்கிவிட்டார். பத்து வயதில் அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தாள். பதினைந்தில் களிக்கு மாவு அளந்தாள். இருபதில் உதவி மேட்ரன். இருபத்தைந்தில் சாவிக்கொத்து இடுப்புக்கு வந்தது. அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம் அந்தச் சாவிகளின் சத்தம் கேட்டால் போர்டிங்கில் யாரும் ஓடமாட்டார்கள், நடப்பார்கள்.

அந்த மிஷன் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் நிச்சயமானால் பெண் சபையிலும் மாப்பிள்ளை சபையிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைப் பாதிரியாரான ஐயர் அறிவிப்பார். இது எல்லா ஊர்ச் சபைகளிலும் உள்ளதுதான். சித்தூரில் கூடுதலாக ஒன்று. அறிவிப்பு முடிந்ததும் பெண் வீட்டார் ஒருவர் எழுந்து, கைகூப்பி, பேசாமல் நிற்க வேண்டும். பெண்ணுக்கு ஆள் இருக்கிறது, அவர்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். ஐயர் "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் உட்காரலாம். அதற்கு முன்னால் உட்கார்ந்தால் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். ஒரு தடவை முழங்கால் வாதக்காரர் ஒருவர், ஐயருக்கு இருமல் வந்த நேரத்தில், தாங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மறுவாரம் முதல் ஓலையிலிருந்து ஆரம்பித்தார்கள்.

பெண் மட்டும் அந்த மூன்று ஞாயிறும் கோயிலுக்குப் போகமாட்டாள். தன் பெயரைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நன்றாகவா இருக்கும்?

போர்டிங்கில் ஆள் இல்லாத பெண்கள் அதிகம். அவர்களுக்கெல்லாம் ஞானம்மாள் எழுந்தாள். நாற்பத்து மூன்று பெண்கள், ஆளுக்கு மூன்று ஓலை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவள், "சித்தூர் சபையைச் சேர்ந்த" என்று காதில் விழும்போதே ஒரு கையைத் தரையில் ஊன்றிவிடுவாள். கேள்வி முடியும்போது நின்றுகொண்டிருப்பாள். ஆள் கொஞ்சம் கனம். எழுந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு ஐயர் தெரியமாட்டார்.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்கே மாப்பிள்ளை வந்தார்.

பெயர் தனராஜ். மெட்ராஸ் சென்ட்ரல் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. மனைவி போய் ஆறு வருஷம். பிள்ளை இல்லை. தங்கை மகளைப் போர்டிங்கில் சேர்க்க வந்தவர், வாசலில் மேட்ரன் விறகு வண்டிக்காரனை நிறுத்தி வைத்துத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்ததைக் கால் மணி நேரம் கேட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஊருக்குப் போய்ச் சித்தூர் ஐயருக்குக் கடிதம் எழுதினார். அதில், "அந்த அம்மாவுக்கு வரன் பார்க்கிறார்களா என்று விசாரித்து எழுதவும், விறகு ஈரமாக இருந்ததா என்றும் தெரிந்தால் நல்லது" என்று இருந்தது. ஐயர் அதை ஞானம்மாளிடம் காட்டினார். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ஈரந்தான்னு எழுதுங்க ஐயா" என்றாள்.

கல்யாணம் பட்டணத்தில், தனராஜின் சபையான பெரிய கதீட்ரலில். 1955 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. செவ்வாயை விட்டால் புதன் லெந்து என்ற நோன்புக் காலம் பிறக்கிறது. உயிர்த்தெழுந்த பண்டிகை வரை ஏழு வாரம் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஞானம்மாள் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். நெல்லூரிலிருந்து புது மேட்ரன் வந்து அறையில் பெட்டியையும் வைத்தாயிற்று. செவ்வாய் நடக்காவிட்டால் ஏழு வாரம் அவளுக்குப் படுக்க இடம் இல்லை.

அது ஒரு கவலை. இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சித்தூரில் முதல் ஓலை வாசித்த ஞாயிறு அவள் போர்டிங்கில் இருந்தாள். ஆராதனை விட்டு வந்த பெண்கள் சமையலறைக்குள் கூட்டமாக நுழைந்தார்கள்.

"யாரு எழும்பினாங்க?" என்று கேட்டாள்.

பெண்கள் தண்ணீர்ப் பானைப் பக்கம் நகர்ந்தார்கள்.

நடந்தது இதுதான். ஓலை வாசித்து முடித்ததும் வழக்கம் போல எல்லாரும் மேட்ரனின் பாயைத் திரும்பிப் பார்த்தார்கள். பாய் காலி. அப்போதுதான் இது மேட்ரனின் ஓலை என்று அவர்களுக்கு உறைத்தது. யார் எழுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. ஐயர் காத்திருந்தார். ஒரு குழந்தை தும்மியது. ஐயர் அடுத்த பாட்டை அறிவித்துவிட்டார்.

இரண்டாம் வாரம் ஞானசிங் என்ற சபை மூப்பர் தான் எழுவதாகச் சத்தியம் செய்திருந்தார். அது தேர்தல் மாதம். அன்று காலை புத்தூரில் கூட்டம் என்று கட்சிக்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"சட்டத்துல இதுக்கு எடமே இல்ல ஞானம்மா," என்று ஐயர் சமாதானம் சொன்னார். "வழக்கந்தான்."

"அவுனு ஐயா," என்று தெலுங்கில் ஆமாம் போட்டாள் அவள். "வழக்கந்தான்."

மூன்றாம் ஓலையின்போது ஊரிலேயே இருக்க வேண்டாம் என்று அவள் சனிக்கிழமையே பட்டணத்துக்கு ரயில் ஏறினாள். துணைக்குப் போர்டிங் சமையல்காரி செங்கம்மா. செங்கம்மா நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கோயில் என்றால் அவளுக்குத் திருமலை ஒன்றுதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் மிஷன் அடுப்பில் வெந்ததில் கீர்த்தனை பத்துப் பதினைந்து தெரியும். வேப்பேரியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினார்கள்.

ஞாயிறு காலையில் ஞானம்மாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் செங்கம்மா.

"சும்மா கோயிலப் பாத்துட்டு வரலாம் வா."

"இன்னிக்கி ஓலை இல்ல? பொண்ணு போவக்கூடாதே."

"நம்மூர்ல போவக்கூடாது. இங்க என்னைய யாருக்குத் தெரியும்? கல்யாணம் நடக்கற எடம். எங்க நிக்கணும், எங்க உக்காரணும்னு பாத்து வெச்சிக்க வேணாமா?"

பஸ் அவர்களை மவுண்ட் ரோட்டில் இறக்கியது. ஞாயிற்றுக்கிழமை என்று அந்தத் தெருவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருந்தது. கார், ரிக்‌ஷா, சைக்கிள், கண்ணாடிக்குள் நிற்கும் புது மோட்டார்கள், மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு சினிமா நடிகையின் முகம். செங்கம்மா அந்த முகத்தின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டே நடந்து ஒரு வாழைப்பழ வண்டியில் மோதினாள். ஒரு திருப்பம் திரும்பி, வாயிலுக்குள் நுழைந்ததும் சத்தம் நின்றுவிட்டது. மரங்கள். மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம், ஊசியாக, பார்க்கப் பார்க்க மேலே போய்க்கொண்டிருந்தது.

"இதுல ஏறி யாரு சுண்ணாம்பு அடிப்பாங்க?" என்றாள் செங்கம்மா.

படியேறும்போது இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். அங்கே வேறு செருப்பே கிடையாது. மற்றவர்கள் பூட்ஸும் சாண்டலுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். செங்கம்மா இரண்டு ஜோடியையும் முந்தானையில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே குளிர்ச்சி. இரண்டு பக்கமும் கட்டிப்பிடிக்க மூன்று பேர் வேண்டும் என்கிற அளவில் வெள்ளைத் தூண்கள். மின்விசிறிகள் கூரையிலிருந்து நீண்ட கம்பிகளில் தொங்கின. சுவரோரம் சலவைக்கல் வெள்ளைக்காரர்கள் நின்றார்கள், உட்கார்ந்தார்கள், ஒருவர் படுத்திருந்தார். செங்கம்மா படுத்திருந்தவர் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது எந்தச் சாமி?"

"சாமி இல்ல. கலெக்டரா இருந்தவரு. செத்துட்டாரு."

"எப்போ?"

ஞானம்மாள் கீழே எழுதியிருந்ததைப் படித்துக் கணக்குப் போட்டாள். "நூத்தி இருபது வருஷம் ஆவுது."

"இன்னுமா பூட்ஸ் கழட்டல?"

பாய் இல்லை, பெஞ்சு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதும் இல்லை. புருஷனும் பெண்சாதியும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தானும் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று ஞானம்மாளுக்குத் தோன்றியது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடைசிக்கு முந்தின பெஞ்சில், தூண் மறைவில் இருவரும் இடம் பிடித்தார்கள். முன் பெஞ்சில் கோட்டுப் போட்ட ஒரு கிழவர். சட்டைப் பையில் சங்கிலிக் கடிகாரம். அவர் அந்தக் கோயிலின் மூப்பர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் திரும்பி, முதலில் இவர்களின் வெறுங்காலையும் பிறகு செங்கம்மாவின் கக்கத்தையும் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"சித்தூருங்க."

அவர் முகம் மலர்ந்தது. "சித்தூரா? கவலப்படாதீங்க. சித்தூர் நமக்குத்தான். ஆந்திராகிட்டேருந்து வாங்கிடலாம்."

"எங்களக் கேட்டா வாங்குவீங்க?" என்றாள் செங்கம்மா. ஞானம்மாள் அவள் தொடையில் இடித்தாள்.

ஆர்கன் முழங்கியது. செங்கம்மா மேலே பார்த்தாள், கூரை இருக்கிறதா என்று. வெள்ளை அங்கி போட்ட பாடகர்கள் வரிசையாக நடந்து போனார்கள். மூன்றாவது ஆள் தனராஜ்.

அவர் கொயரில் பாடுவார் என்று ஞானம்மாளுக்குத் தெரியாது. கட்டைக் குரல் பாட அந்தச் சபையில் மூன்றே பேர் என்பதால், ஓலை என்று சொல்லி அவர் வீட்டில் இருக்க முடியவில்லை. ஞானம்மாள் தூணை நோக்கி நகர்ந்தாள். செங்கம்மா நசுங்கினாள்.

"அவருதானே? வெள்ளப் பாவாட போட்டுக்கினு?"

"பேசாத இரு."

"நல்லாத்தான் இருக்குது."

பாட்டு, ஜெபம், வாசிப்பு எல்லாம் ஊரில் உள்ளது போலவே வந்தன. ஞானம்மாளின் மூச்சு சீரானது. பெரிய இடமானாலும் சொற்கள் பழகியவை. எப்போது ஆமென் சொல்ல வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓலைத் தாளை எடுத்தார். முதல் ஜோடி. இரண்டாம் ஜோடி. ஞானம்மாள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சபையைச் சேர்ந்த தனராஜ் என்பவருக்கும், ஆந்திர ராஜ்யம், சித்தூர் சபையைச் சேர்ந்த..."

அவள் கை பெஞ்சில் ஊன்றியது.

"...கன்னிகையாகிய ஞானம்மாளுக்கும் நடக்கவிருக்கும் விவாகத்தைக் குறித்து இது மூன்றாம் அறிவிப்பு. இவர்கள் இணையக் கூடாததற்கு நியாயமான தடை எதையாவது அறிந்தவர் இருந்தால் இப்போது தெரிவிக்கலாம்."

அவர் தலை நிமிர்ந்தபோது கோயிலின் பின்பக்கத்தில் கனத்த ஒரு பெண்மணி கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

ஐயர் பதினெட்டு வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறார். பதில் வந்ததில்லை. வந்தால் என்ன செய்வது என்று படிக்கும்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது மறந்துபோயிருந்தது. ஞானம்மாளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள், வாய் திறப்பார் என்று.

நானூறு தலைகள் திரும்பின.

எழுந்த பிறகுதான் ஞானம்மாளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்தது. யாருடைய ஓலை என்பதும் தெரிந்தது. காது சுட்டது. உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தாள். முழங்கால் வாதக்காரர் ஞாபகம் வந்தார். ஸ்தோத்திரம் வராமல் உட்கார்ந்தால் மறுபடி முதல் ஓலை. புதன் லெந்து. அவள் இன்னும் நேராக நின்றாள்.

"உக்காருங்க," என்று செங்கம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அவரு சொல்லட்டும்."

"அவரு நீங்க சொல்லணும்னு பாத்துக்கினு இருக்காரு!"

பெஞ்சுகளில் பேச்சு கிளம்பிவிட்டது. அது நடுவழியைத் தாண்டி அந்தப் பக்கம் போவதற்குள் கதையாகியிருந்தது.

"மொத சம்சாரமாம்."

"அது செத்துப் போச்சுன்னாங்களே?"

"செத்தவங்க இவ்வளோ தாட்டியாவா இருப்பாங்க?"

கோட்டு மூப்பர் எழுந்து திரும்பினார். அவருக்கு வேறு சந்தேகம். "அம்மா, எல்லைப் பிரச்சினைன்னா ஆராதனை முடிஞ்சு பேசலாம்," என்றார் தணிந்த குரலில்.

ஐயர் தொண்டையைச் செருமினார். "அம்மா. சொல்ல வேண்டியது இருந்தா சொல்லுங்க."

"நீங்கதாங்க ஐயா சொல்லணும்," என்றாள் ஞானம்மாள்.

ஐயர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பாடகர் வரிசையில் தனராஜ் அவளை அடையாளம் கண்டுகொண்டிருந்தார். அவர் மனசில் ஓடியது எளிமையானது. வந்திருக்கிறாள், எழுந்திருக்கிறாள், வேண்டாம் என்கிறாள். போன மாதம் எழுதிய கடிதத்தில் என்ன தப்பாக எழுதினோம் என்று யோசித்தார். தன் குறட்டையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்தவர், "யாருப்பா அது?" என்றார்.

"பொண்ணு," என்றார் தனராஜ்.

"எந்தப் பொண்ணு?"

"எனக்குப் பாத்த பொண்ணு."

அவர் பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு இறங்கினார். நடுவழி நீளம். அங்கி காலில் தட்ட, ஒவ்வொரு பெஞ்சாகக் கடந்து வந்தார். கடைசிக்கு முந்தின பெஞ்சுக்கு வந்ததும், அவளுக்குப் பக்கத்தில் நின்று அவரும் கைகூப்பினார்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "தனராஜ், நீங்களுமா?"

"இவங்க எதுக்கு நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா," என்றார் தனராஜ். அந்தக் கட்டைக் குரலுக்கு மெல்லப் பேச வராது. கோயில் முழுக்கக் கேட்டது. "இவங்க உக்கார்ற வரைக்கும் நானும் நிக்கறேன்."

ஞானம்மாள் திரும்பி அவரை முதல் தடவையாகப் பக்கத்தில் பார்த்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது.

"ஆட்சேபணைங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஐயோ, இல்லீங்க. சம்மதம். எங்கூர்ல சம்மதம்னா எழும்பி நிக்கறது. ஐயரு 'தேவனுக்கு ஸ்தோத்திரம்' சொல்லணும். சொன்னாத்தான் உக்காரலாம். இல்லன்னா ஓலை செல்லாது."

தனராஜ் தலையாட்டினார். பிறகு முகத்தைத் திருப்பி, பார்சல் ஆபீசில் பெட்டி நம்பர் கூப்பிடுகிற மாதிரி அறிவித்தார்.

"ஐயா, நீங்க 'தேவனுக்கு ஸ்தோத்திரம்' சொன்னா உக்காந்துடுவாங்களாம்."

முதலில் சிரித்தது ஒரு குழந்தை. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஆர்கன் வாசிப்பவர் முழங்கை பட்டு ஒரு ஸ்வரம் தானாக அலறியது. ஐயர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

ஞானம்மாள் உட்கார்ந்தாள். பெஞ்சு முனகியது. தனராஜும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த பாட்டில் கட்டைக் குரல் கோயிலின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறைக்கு வரச் சொன்னார்கள். ஐயர் மேஜையில் ஓலைப் பதிவேடு விரிந்திருந்தது. கோட்டு மூப்பர் பக்கத்தில் நின்றார். முப்பது வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"சிரிக்கிற விஷயம் இல்ல ஐயா," என்றார் அவர். "கேள்வி கேட்டோம். ஒரு ஆள் எழுந்தாச்சு. எழுந்தா அது ஆட்சேபணை. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் மூணாவது ஓலை முடிஞ்சதாக் கணக்கு இல்ல. மேல இருக்கிற அத்தியட்சர்தான் தீர்ப்பு சொல்லணும்."

"அத்தியட்சர் எங்க?"

"கிராமச் சபைகளுக்குப் போயிருக்கார். வெள்ளிக்கிழமை வருவார்."

புதன் தாண்டி வெள்ளி. ஞானம்மாளுக்கு நெல்லூர்க்காரியின் பெட்டி கண்ணில் நின்றது.

"என் ஓலைக்கு நானே எப்பிடிங்க ஆட்சேபணை சொல்லுவேன்?" என்றாள்.

"சொல்லலாம். சட்டத்துல தடை இல்ல," என்றார் மூப்பர்.

"எங்க வழக்கத்துல அது சம்மதம்."

"உங்க வழக்கம் உங்க ஊர்ல. இது மெட்ராஸ்."

செங்கம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "காலையில சித்தூரு நமக்குத்தான்னு சொன்னீங்களே சாமி? சித்தூரு உங்களுதுன்னா சித்தூரு வழக்கமும் உங்களுதுதானே? ஊரு மட்டும் வேணும், வழக்கம் வேணாமா?"

மூப்பர் கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தார். மறுபடி பையில் போட்டார்.

தனராஜ் மெதுவாகப் பேசப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ஐயா, எனக்கு ஒண்ணு தோணுது. சொல்லலாங்களா? அங்க அவங்க ஐயர் ஸ்தோத்திரம் சொல்லிட்டாருன்னா என்ன அர்த்தம்?"

"சம்மதத்த ஏத்துக்கிட்டாருன்னு," என்றாள் ஞானம்மாள்.

"அதுக்கப்புறம் மாத்த முடியுமா?"

"முடியாதுங்க."

எல்லாரும் ஐயரைப் பார்த்தார்கள்.

ஐயர் நாற்காலியில் சாய்ந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "நான் சொல்லிட்டேனே," என்றார்.

"சொல்லிட்டீங்க," என்றாள் செங்கம்மா. "நானூறு பேரு கேட்டாங்க. அந்தப் படுத்துக்கினு இருக்கற கலெக்டரும் கேட்டாரு."

"அது இவங்களை உட்கார வைக்கச் சொன்னது," என்றார் மூப்பர்.

"ஸ்தோத்திரத்தை அப்படிச் சொல்லக்கூடாதே," என்றார் ஐயர். "பீடத்துக்கு முன்னால நின்னு சொன்னது. சும்மா சொன்னேன்னா அது பெரிய தப்பாயிடும். நான் மனசாரச் சொன்னதாத்தான் இருக்கணும்." அவர் பேனாவை எடுத்தார். இந்த முறை அவர் சிரிப்பது தெரிந்தது. எழுதிக்கொண்டே படித்தார். "மூன்றாம் முறை வாசிக்கப்பட்டது. தடை இல்லை. பெண் வீட்டார் சம்மதம், சித்தூர் வழக்கப்படி, பெறப்பட்டது."

மூப்பர், "அத்தியட்சர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்," என்றார்.

"சொல்லிக்கறேன்." ஐயர் பேனாவை மூடவில்லை. "சித்தூர்ல எழுந்து நின்னவங்க பேரை எழுதுவாங்களாம்மா?"

"எழுதுவாங்க ஐயா. பேரு, பொண்ணுக்கு இன்னா முறை. ரெண்டும்."

"பேர்?"

"ஞானம்மாள்."

"முறை?"

ஞானம்மாள் பதிவேட்டைப் பார்த்தாள். சித்தூர்ப் பதிவேட்டில் அந்த இடத்தில் மாமன், சித்தப்பா, அண்ணன் என்று இருக்கும். தாலுகா ஆபீஸ் பட்டியல் மாதிரி வரிசையாக. தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பதும் தெரியும்.

"மேட்ரன்னு போட்டுக்கோங்க ஐயா," என்றாள்.

ஐயர் அப்படியே போட்டார்.

"நானுந்தான் நின்னேன்," என்றார் தனராஜ்.

"மாப்பிள்ளை நின்னா அது கணக்கு இல்லீங்க," என்றாள் ஞானம்மாள்.

"பரவால்லீங்க. நின்னது நின்னதுதானே."

ஐயர் அதையும் எழுதிக்கொண்டார். ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். செங்கம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள்.

"அப்போ செவ்வாக்கெழம உண்டுதானே சாமி? எனக்குப் பொதங்கெழம ரயிலு. எழுபது பேருக்குக் களி கிண்டணும்."

"உண்டும்மா. பத்து மணி," என்றார் ஐயர். பிறகு ஞானம்மாள் பக்கம் திரும்பி விரலை உயர்த்தினார். "ஆனா ஒண்ணு. கல்யாண ஆராதனையிலயும் அந்தக் கேள்வி உண்டு. யாருக்காவது தடை தெரியுமான்னு அன்னிக்கும் நான் கேட்டே ஆகணும்."

"கேளுங்க ஐயா," என்றாள் ஞானம்மாள். "அன்னிக்கு நான் முன்னாடியே நின்னுக்கினுதானே இருப்பேன்."